குமரி மாவட்டத்திலிருந்து ரிஞ்சானி எரிமலைக்கு: ஏறவும் காட்டுயிர்களைக் காணவும் ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் எரிமலை கிடையாது. மருந்துவாழ்மலையிலும் காளிகேசத்திலும் நாம் மிதித்து ஏறும் பாறைகள், ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி இறுகிய சார்னகைட், நைஸ் வகைகளைச் சேர்ந்தவை. இவை காலுக்கு உறுதியான பிடிமானம் தரும். எரிமலையின் மேற்பகுதியோ நேற்று விழுந்த சாம்பலும், எரிமலை கக்கிய உதிரிக் கல்லான கங்குக்கல்லும் கலந்த சரிவாகும். அங்கே காலை ஊன்றினால் மண் கீழே நகரும். இந்த மாவட்டத்தில் மலையேறிப் பழகியவர்கள் வெப்பமண்டல எரிமலை ஒன்றுக்குச் செல்லும்போது எதை மாற்றிக்கொள்ள வேண்டும், எங்கே நின்று எந்த உயிரினத்தைத் தேட வேண்டும் என்பதை இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலுள்ள ரிஞ்சானி எரிமலையை முன்வைத்து இங்கே வரிசையாக விளக்குகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரிஞ்சானிக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் உச்சியில் சூரியோதயம் காண்பதையே நோக்கமாகக் கொண்டு, காட்டுப் பகுதியை இருட்டிலோ அவசரத்திலோ கடந்துவிடுகிறார்கள். உச்சியில் காட்டுயிர் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய எதுவும் இல்லை. பறவையும் விலங்கும் 600 மீட்டருக்கும் 2,600 மீட்டருக்கும் இடைப்பட்ட சரிவில்தான் வாழ்கின்றன. ஆகவே பயணத் திட்டத்தை உச்சிக்காக வகுக்காமல் காட்டுக்காக வகுப்பதே நல்லது என்பது என் கருத்து.

மலையும் மாதமும்

இந்தியாவில் உயிர்ப்புள்ள எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு ஒன்றுதான். அதில் இறங்கி ஏற அனுமதி இல்லை. எனவே கடல் கடந்தே ஆக வேண்டும். 2004 திசம்பர் 26 அன்று குளச்சலையும் மணக்குடியையும் தாக்கிய ஆழிப்பேரலை, சுமத்திராவுக்கு மேற்கே கடலடி நிலத்தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்று அமிழும் நீண்ட அகழியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்தது. அதே அகழி கிழக்கே சாவகம் (ஜாவா), பாலி, லொம்போக் தீவுகளின் தெற்கு வழியாகத் தொடர்கிறது. அங்கே அமிழும் தட்டிலிருந்து ஆழத்தில் வெளியேறும் நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைப்பதால் பாறைக்குழம்பு உருவாகி, மேலேறி, எரிமலைகளின் நீண்ட வரிசையைப் படைத்துள்ளது. ரிஞ்சானி அந்த வரிசையில் ஒன்று. அதன் உயரம் 3,726 மீட்டர். இந்தோனேசிய எரிமலைகளில் சுமத்திராவின் கெரின்சிக்கு அடுத்தபடியாக உயரமானது.

முதல் எரிமலை அனுபவமாக ரிஞ்சானி கடினமானதுதான். முழங்கால் வலி உள்ளவர்களும் ஒரே இரவில் முடித்துக்கொள்ள விரும்புபவர்களும் பாலியிலுள்ள 1,717 மீட்டர் உயரமான பாத்தூர் எரிமலைக்குச் செல்லலாம். ஆனால் காட்டுயிருக்கு ரிஞ்சானியே பொருத்தமானது.

மழைக்காலமான சனவரி முதல் மார்ச் வரை ரிஞ்சானித் தடங்கள் வழக்கமாக மூடப்பட்டிருக்கும். நம் ஊரில் இடவப்பாதி மழை கொட்டும் சூன், சூலை மாதங்கள் அங்கே வறண்டவை. சூலை, ஆகத்து மாதங்களில் கூட்டம் மிகுதி. மே மாதப் பிற்பகுதியில் புல்வெளி இன்னும் பச்சையாக இருக்கும், புழுதியும் குறைவு என்பதால் நான் அதையே பரிந்துரைப்பேன்.

மலையின் நிலையை அறிந்துகொள்ளுதல்

இந்தோனேசிய எரிமலைக் கண்காணிப்புத் துறை ஒவ்வொரு எரிமலைக்கும் நான்கு நிலைகளில் எச்சரிக்கை அறிவிக்கிறது. நோர்மால் என்பது வழக்கமான நிலை. அதற்கு மேலே வஸ்பாடா, சியாகா, ஆவாஸ் என்பன அடுத்தடுத்துக் கடுமையாகும். இந்த அறிவிப்புகளை அத்துறையின் மாக்மா இந்தோனேசியா இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். பயணச்சீட்டு எடுக்கும் நாளிலும், புறப்படும் வாரத்திலும், ஏறத் தொடங்கும் காலையிலும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நிலையான வஸ்பாடாவைப் பலர் இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 2023 திசம்பரில் மேற்குச் சுமத்திராவின் மராப்பி வெடித்து 24 மலையேறிகள் உயிரிழந்தபோது, அந்த மலை இரண்டாம் நிலையில்தான் இருந்தது. எரிமலைவாயிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவுக்குள் எவரும் செல்லக்கூடாது என்ற பரிந்துரையும் நடைமுறையில் இருந்தது. நிலத்தடி நீர் சூடேறி நீராவியாகி வெடிக்கும் வகை வெடிப்புகளுக்குப் பல வேளைகளில் முன்னறிகுறியே இருப்பதில்லை. ஆகையால் தடை வட்டத்தை மதிப்பது ஒன்றே பாதுகாப்பு. வழிகாட்டி 'பரவாயில்லை, போகலாம்' என்று சொன்னாலும் நாம் போகக்கூடாது.

ரிஞ்சானியில் வெடிப்பு நிகழும் இடம் உச்சி அன்று. எரிமலைவாய் ஏரியின் நடுவிலிருந்து எழும் பாருசாரி என்ற சிறு கூம்புதான் 2009, 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் சாம்பலைக் கக்கியது. அந்தக் கூம்பின்மீது ஏறுவது எந்நாளும் நம் திட்டத்தில் இடம்பெறக்கூடாது.

நம் ஊரிலேயே பயிற்சி

புறப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பாவது பயிற்சியைத் தொடங்க வேண்டும். பொற்றையடியை ஒட்டிய மருந்துவாழ்மலை இதற்கு மிகவும் ஏற்றது. நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகையைத் தாண்டி மேலே செல்லும் பாதையில் படிகளும் பாறையும் கலந்திருப்பதால் கணுக்காலும் முழங்காலும் ஒருசேர உழைக்கின்றன. விடியற்காலையில் ஏழெட்டுக் கிலோ எடையுள்ள முதுகுப்பையுடன் ஏறி இறங்கி, உடல் பழகிய பின் ஒரே காலையில் இரண்டு முறை ஏறி இறங்கப் பழகுங்கள். ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் செலுத்துவது முக்கியம். ரிஞ்சானியின் கடைசி நாளில் ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டர் இறக்கம் காத்திருக்கிறது. தொடையின் முன்தசை அதற்குப் பழகாவிட்டால் காட்டைப் பார்ப்பதற்குப் பதிலாகத் தன் காலையே பார்த்துக்கொண்டு நடக்க நேரிடும்.

கங்குக்கல் சரிவுக்கு மருந்துவாழ்மலை உதவாது. அதற்குச் சொத்தவிளைக் கடற்கரையின் மணல்மேடுகள் இருக்கின்றன. மணலில் குதிகாலால் அழுத்தி ஏறினால் சறுக்கும். முன்பாதத்தைச் சரிவுக்குள் உதைத்துக் குத்தி, அது நிலைத்த பிறகே உடல் எடையை மாற்ற வேண்டும். இறங்கும்போது இதற்கு நேர்மாறாகக் குதிகாலை முதலில் ஊன்ற வேண்டும். வாரம் ஒருமுறை இதைச் செய்தால் உடலே அந்தத் தாளத்தைக் கற்றுக்கொள்ளும்.

கண்ணுக்கும் காதுக்குமான பயிற்சியைக் காட்டில்தான் பெற முடியும். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. யானையும் புலியும் வாழும் இக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' இணையவழி முன்பதிவில் இம்மாவட்டத் தடமும் இடம்பெற்றுள்ளது. வனத்துறை வழிகாட்டியுடன் செல்லும் அந்த நடையில் கருமந்தியின் கனத்த குரலையும் மலையணில் கிளைதாவும் ஓசையையும் கேட்டு, ஓசை வந்த திசையில் அசையாமல் நின்று தேடப் பழகுங்கள். உயரமும் நெடுநடையும் சேர்ந்த ஓர் ஒத்திகை வேண்டுமானால், எல்லைக்கு அப்பால் கேரளத்தில் போனக்காட்டிலிருந்து ஏறும் 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடம் உள்ளது. சனவரியில் தொடங்கும் பருவத்துக்குக் கேரள வனத்துறையில் முன்பதிவு செய்ய வேண்டும்.

ஏற்பாடுகளும் எடுத்துச் செல்பவையும்

நாகர்கோவிலிலிருந்து அருகிலுள்ள பன்னாட்டு விமான நிலையம் திருவனந்தபுரம். அங்கிருந்து கோலாலம்பூர் வழியாக லொம்போக்கை அடையலாம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இந்தோனேசியாவில் இறங்கியதும் ஐந்து இலட்சம் ரூபியா செலுத்தி முப்பது நாள் விசா பெறலாம். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும். ரிஞ்சானி தேசியப் பூங்காவுக்குள் நுழைய ஈரிஞ்சானி என்ற இணைய முறை வழியாக முன்பதிவு அவசியம். உரிமம் பெற்ற உள்ளூர் நிறுவனங்கள் இதையும் வழிகாட்டியையும் சுமையாட்களையும் சேர்த்தே ஏற்பாடு செய்கின்றன.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கையில் விலையைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? குழுவில் மிக மெதுவாக நடப்பவருடன் யார் நடப்பார்? 2025 சூனில் உச்சிக்குச் செல்லும் பாதையில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் சரிவில் விழுந்து உயிரிழந்தார். செங்குத்தான நிலமும் மூடுபனியும் காரணமாக மீட்புக் குழுவினர் அவரை மேலே கொண்டுவரச் சில நாட்கள் ஆயின. களைத்தவரைத் தனியே விட்டுவிட்டு முன்னே செல்லும் வழக்கம் எந்தக் குழுவில் இருந்தாலும் அதை ஏற்கக்கூடாது.

கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் குளிரைக் குறைத்து மதிப்பிடுவது இயல்பு. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் வீதம் வெப்பம் குறையும். கடற்கரையில் 30 பாகை என்றால் உச்சியில் பகலிலேயே ஆறு பாகைதான். விடியலுக்கு முன் காற்றும் சேர்ந்தால் உறைநிலையை நெருங்குவது போலிருக்கும். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் காயாது. ஆகவே உள்ளே செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் கம்பளி அல்லது பிளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேலுடை என மூன்று அடுக்குகள் வேண்டும். கையுறை, தலையில் கட்டும் டார்ச், மாற்று பேட்டரி, ஊன்றுகோல் இரண்டு, கணுக்காலை மூடும் காலணி, கல் உள்ளே புகாமல் தடுக்கும் காலுறை மூடி, சாம்பல் புழுதிக்கு முகக்கவசம், கண் கண்ணாடி ஆகியவை கட்டாயம். காட்டுயிர் பார்க்க 8×42 இருகண்நோக்கி போதும். அதைவிடக் கனமானது கழுத்துக்குச் சுமையே.

சுமையாட்கள் சோறும் காய்கறியும் சமைத்துத் தருவார்கள். சைவ உணவினர் முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அங்கே சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் இறால் விழுதான தெராசியைச் சேர்ப்பது வழக்கம். நடக்கும்போது கடிக்க நம் முந்திரிக்கொத்தைவிடச் சிறந்த பண்டத்தை நான் கண்டதில்லை. வறுத்த பயறும் கருப்பட்டியும் சேர்ந்த அது வெயிலில் உருகுவதில்லை, நாட்கணக்கில் கெடுவதுமில்லை.

முதல் நாள்: செம்பலூன் புல்வெளி

நான்கு பகல் மூன்று இரவுத் திட்டத்தில், கிழக்கே செம்பலூன் ஊரிலிருந்து ஏறி, ஏரிக்கு இறங்கி, வடக்கே செனாரு வழியாக வெளியேறுவதே காட்டுயிர் காண்பவருக்கு உகந்தது. பல குழுக்கள் இரண்டு நாளில் செம்பலூன் வழியாகவே ஏறி இறங்கிவிடுகின்றன. அப்படிச் செல்பவர்கள் மழைக்காட்டைக் காணாமலே திரும்புகிறார்கள்.

செம்பலூன் ஏறத்தாழ 1,150 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து தொடங்கும் பாதை, மேய்ச்சலாலும் தீயாலும் உருவான அலாங்-அலாங் புல்வெளி வழியே வெயிலில் செல்கிறது. ஆகவே காலை ஏழு மணிக்கு முன் புறப்படுவது நல்லது. மூன்றாவது தங்குமிடத்தைக் கடந்ததும் 'வருத்தக் குன்றுகள்' என்று உள்ளூரார் பெயரிட்ட ஏழு மேடுகள் அடுத்தடுத்து வரும். ஒவ்வொன்றும் கடைசி மேடு போலத் தோன்றி ஏமாற்றும்.

இந்த மேடுகளில் புல் மறைந்து சவுக்கு மரங்கள் தலைகாட்டுகின்றன. நம் கடற்கரையில் காற்றுத் தடுப்புக்காக நட்டிருக்கும் சவுக்கின் நெருங்கிய உறவான மலைச்சவுக்கு அது. வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரசனை நிலைப்படுத்தித் தருவதால், சத்தற்ற சாம்பல் மண்ணில் பிற மரங்களுக்கு முன்னரே வேரூன்றிவிடுகிறது.

மாலையில் 2,639 மீட்டர் உயரத்திலுள்ள எரிமலைவாய் விளிம்பை அடைந்து கூடாரம் அடிப்பார்கள். இங்கே நீள்வால் குரங்குகள் கூட்டமாக வருகின்றன. மருந்துவாழ்மலைக் குரங்குகளைப் போலவே இவையும் மனிதர் தந்த உணவில் பழகிக் கெட்டவை. கூடாரத்தின் ஜிப்பை மூடி வைப்பதும், எதையும் ஊட்டாமல் இருப்பதும், பல்லைக் காட்டினால் கண்ணோடு கண் பார்க்காமல் விலகுவதும் போதும். விளிம்பில் வெள்ளிநிற இலையும் சிறு வெண்பூவும் கொண்ட எடல்வைஸ் புதர்கள் இருக்கும். பறிப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது.

உச்சி: போவதும் போகாமலிருப்பதும்

விளிம்பிலிருந்து உச்சிக்கு இன்னும் 1,087 மீட்டர் ஏற்றம் உண்டு. அதிகாலை இரண்டு மணியளவில் புறப்படுகிறார்கள். கடைசிப் பகுதியின் கங்குக்கல் சரிவில் இரண்டு அடி வைத்தால் ஓர் அடி பின்வாங்கும். சொத்தவிளையில் பழகிய கால் இங்கே பயன்படும். இருபுறமும் சரியும் முகட்டில் பாதையின் நடுவிலேயே நடக்க வேண்டும், படம் எடுப்பதற்காக விளிம்புக்குப் போகக்கூடாது.

உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. கடல்மட்டத்தில் வாழும் நமக்குத் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் ஆகியவை 2,500 மீட்டருக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே ஏறுவது தவறு. அறிகுறி தணியும்வரை அதே உயரத்தில் இருக்க வேண்டும், தணியாவிட்டால் இறங்க வேண்டும், தள்ளாட்டம் இருந்தால் உடனே இறங்க வேண்டும். உச்சியைத் தவிர்த்துவிட்டு விளிம்பிலேயே விடியலைக் காண்பவர் எதையும் இழந்துவிடவில்லை. அவர் ஏரிக்கு இறங்கும் கடினமான பாதைக்குப் புத்துணர்வோடு இருப்பார்.

ஏரி

விளிம்பிலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலுள்ள செகாரா அனாக் ஏரிக்கு இறங்கும் பாதை செங்குத்தானது, பாறை உடைந்தது. 2018 சூலை 29 நிலநடுக்கத்தில் பாதைகள் சரிந்து நூற்றுக்கணக்கான மலையேறிகள் இம்மலையில் சிக்கிக்கொண்டார்கள். ஆகையால் நிலம் அதிர்ந்தால் பாறைச் சுவரை விட்டு விலகித் திறந்த இடத்துக்கு வருவதை முதல் விதியாகக் கொள்ளுங்கள்.

ஏரி கிடக்கும் பெருங்குழி 1257 ஆம் ஆண்டில் சமாலாஸ் என்ற மலை வெடித்து உள்ளே சரிந்ததால் உண்டானது. கடந்த ஏழாயிரம் ஆண்டுகளின் மிகப்பெரிய வெடிப்புகளில் ஒன்று அது. துருவப் பனிப்படலங்களில் அதன் கந்தகத் தடயம் நெடுங்காலம் உரிமையாளர் தெரியாமல் இருந்தது. 2013 இல்தான் அது லொம்போக்கிலிருந்து எழுந்தது என்று ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். சாம்பலில் புதைந்த ஊரைப் பற்றிப் பேசும் பனையோலைச் சுவடிகளும் அவர்களுக்குத் துணைநின்றன.

ஏரியில் மக்கள் தூண்டிலிட்டுப் பிடிப்பது பெரும்பாலும் நம் குளத்து ஜிலேபி மீன்தான், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. அருகிலுள்ள வெந்நீர் ஊற்றில் கால்களை நனைத்து ஓய்வெடுக்கலாம். இத்தீவின் சசாக் மக்களும் பாலி இந்துக்களும் இந்த ஏரியைப் புனிதமாகக் கருதுகிறார்கள், ஆகவே சோப்பும் குப்பையும் கூடாது.

செனாரு காடு

ஏரியிலிருந்து 2,641 மீட்டர் விளிம்புக்கு ஏறி, அங்கே மூன்றாம் இரவைக் கழித்துவிட்டு, நான்காம் நாள் விடிந்தவுடன் 600 மீட்டர் உயரத்திலுள்ள செனாருவை நோக்கி இறங்க வேண்டும். இந்த நாளுக்காகத்தான் முழுத் திட்டமும். விளிம்பைக் கடந்து சற்று இறங்கியதும் மரங்கள் நெருங்கி, பாசியும் பெரணியும் தண்டுகளை மூடிய மழைக்காடு தொடங்குகிறது. வழிகாட்டி வேகமாக இறங்கவே விரும்புவார். முதல் நாளே அவரிடம் 'கடைசி நாளில் மெதுவாக நடப்போம்' என்று பேசி ஒப்புக்கொள்ளச் செய்துவிடுங்கள். பத்து நிமிடம் நடந்தால் ஐந்து நிமிடம் நிற்பது என்ற கணக்கு நல்ல பலன் தரும்.

உயர்ந்த கிளைகளில் கருமையான இலைதின்னிக் குரங்குகளான லூத்துங்கைத் தேடுங்கள். நம் கருமந்தியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதே போன்ற நிழலுரு உடனே புலப்படும். இவை நீள்வால் குரங்கைப் போல மனிதரை நாடி வருவதில்லை. கிளை அசைந்த பின் ஓசையின்றிக் காத்திருந்தால் மட்டுமே முகம் தெரியும். ஒரு நிம்மதி என்னவென்றால், இத்தீவில் யானையும் இல்லை, புலியும் இல்லை. புதரில் சலசலப்புக் கேட்டால் அஞ்சாமல் உற்றுப் பார்க்கலாம்.

பறவைகளில்தான் லொம்போக்கின் தனித்தன்மை தெரிகிறது. 1856 இல் இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ் பாலியிலிருந்து கடலைக் கடந்து இங்கே வந்தபோது, குறுகிய நீரிணைக்கு இப்பால் ஆசியப் பறவைகள் பல காணாமல் போய், ஆத்திரேலியப் பக்கத்து இனங்கள் தோன்றுவதைக் கவனித்தார். கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்திலும் ஆழமான அந்த நீரிணை வற்றவில்லை என்பதே அதற்குக் காரணம். அதனால் நம் மலைகளின் இருவாச்சியை இங்கே தேடாதீர்கள். தேன்சிட்டுகளோடு தேனுண்ணிப் பறவைகளும், தாழ்ந்த காட்டில் ஆரஞ்சுக் கால்களுடைய மேட்டுக்கோழியும் இருக்கின்றன. இலையும் மண்ணும் கூட்டி மேடு கட்டி, அது மக்கும் சூட்டில் முட்டையைப் பொரியவிடும் கோழி அது. வாலஸ் கண்ட மஞ்சள்கொண்டைக் காக்கட்டூ கிளியோ கூண்டுப் பறவை வணிகத்தால் அழிவின் விளிம்பில் உள்ளது. அதைக் காணாததை ஏமாற்றமாகக் கொள்ளாமல், சந்தையில் கூண்டுப் பறவை வாங்காமல் இருப்பதே நாம் செய்யக்கூடியது.

செனாருவில் ஓர் இரவு தங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் ஓர் ஆந்தை. ரிஞ்சானிச் சிற்றாந்தை உலகில் இத்தீவில் மட்டுமே அறியப்பட்டது. 2003 இல் இரு ஆய்வாளர்கள் சில நாள் இடைவெளியில் தனித்தனியே அதன் குரலின் வேறுபாட்டைக் கவனித்தார்கள். 2013 இல் புதிய இனமாக அது விவரிக்கப்பட்டது. உள்ளூராருக்கோ அதன் ஒற்றைச் சீழ்க்கைக் குரலால் 'புருங் போக்' என்று ஏற்கெனவே தெரிந்த பறவைதான். இரவு எட்டு மணிக்குப் பின் காட்டோரத்தில் விளக்கணைத்து நின்று கேளுங்கள். பதிவுசெய்த குரலை ஒலிபரப்பி அழைக்காதீர்கள். அது தன் எல்லைக்குள் எதிரி நுழைந்ததாக எண்ணி இரைதேடலை விட்டுவிடும்.

பயண முடிவில் சுமையாட்களுக்கான அன்பளிப்பை நிறுவனத்திடம் கொடுக்காமல் அவரவர் கையில் நேரே கொடுங்கள். மூங்கில் காவடியில் நம் உணவையும் கூடாரத்தையும் சுமந்து, பெரும்பாலும் ரப்பர் செருப்போடு இம்மலையை ஏறி இறங்குபவர்கள் அவர்கள். திரும்பும் விமானத்தை இறங்கிய மறுநாளுக்கே பதிவு செய்யாமல் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். 2015 நவம்பரில் பாருசாரியின் சாம்பலால் லொம்போக், பாலி விமான நிலையங்கள் மூடப்பட்டன. பயணக் காப்பீடு எடுக்கும்போது எரிமலைச் சாம்பலால் ஏற்படும் தாமதமும், மூவாயிரம் மீட்டருக்கு மேலான மலையேற்றமும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.